நடுக்கண்ணில் நின்ற மாப்பிள்ளை

தலையில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டையும் கையில் ஒரு விசிலையும் கொடுத்துவிட்டால் இருபத்தைந்து வயதுக்காரன் எவனும் உருப்பட மாட்டான். எனக்கு இரண்டையும் கொடுத்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சாலையில் பாலம் மாற்றும் வேலை. நான் சைட் இன்ஜினியர். பள்ளத்தின் குறுக்கே (எங்கள் பக்கத்தில் ஓடைக்குப் பள்ளம் என்றுதான் பெயர்) கிடந்த அந்தப் பழைய பாலத்துக்கு வயதாகிவிட்டது. பஸ் வந்தால் கண்டக்டர் எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டு, காலி பஸ்ஸை மட்டும் அக்கரைக்கு அனுப்புவார். டிரைவரும் ஒரு உயிர்தானே என்று யாரும் கேட்டதில்லை.

தேங்காய் லாரி, பால் வண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் போகிற வழி அது. மாதக்கணக்கில் அடைத்து வைக்க முடியாது. அதனால் மேல்தளத்தைக் கான்கிரீட் பலகைகளாகச் சாலையோரத்திலேயே முன்கூட்டி வார்த்து வைத்துக்கொண்டோம். பழைய தளத்தை உடைத்து, தூண்களைப் பலப்படுத்தியதும், கிரேனால் பலகைகளைத் தூக்கி அடுக்கிவிட வேண்டியதுதான். ஊருக்கு இது புதுசு. "பாலத்த ஊட்லயே சுட்டுக் கொண்டாந்து வெக்கறாங்களாமா" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

அதே சமயத்தில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் சுமதி, பொள்ளாச்சியில் கணக்கு டீச்சர். ஜாதகம் பொருந்திவிட்டது. தென்னந்தோப்புக்காரரான அவளுடைய அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஊட்ல உக்காந்திருக்கறப்ப எல்லா மாப்பிள்ளையும் நல்லவந்தானுங்க. வேலை செய்யற எடத்துல ஒருக்கா பாக்கோணுங்க."

நான் துள்ளிக் குதித்து ஒப்புக்கொண்டேன். பலகை ஏற்றும் நாளையே குறித்தும் கொடுத்தேன். ராட்சச கிரேன், எஞ்சின் உறுமல், விசில், எல்லாவற்றுக்கும் நடுவில் நான். எந்தப் பெண்தான் வேண்டாம் என்பாள்?

அது மூன்று கண் பாலம். அதாவது நடுவில் இரண்டு தூண்கள், மூன்று இடைவெளிகள். புத்தியுள்ளவர்கள் ஒரு கரையில் ஆரம்பித்து மறுகரையில் முடிப்பார்கள். நான் நடுக்கண்ணில் ஆரம்பிக்கச் சொன்னேன். கேட்டவர்களிடம் "அலைன்மென்ட் துல்லியமா வரும்" என்றேன். உண்மைக் காரணம், நடுவில் ஏறி நின்றால் பெண் வீட்டாரின் கார் வளைவில் திரும்பும்போதே நான் தெரிவேன் என்பதுதான்.

கிரேன் ஓட்டுநர் பழனிச்சாமி வறண்டு கிடந்த பள்ளத்துக்குள் வண்டியை இறக்கினார். "நடுவுல வெச்சா என்ன, ஓரத்துல வெச்சா என்னங்க, எனக்கு எல்லாம் ஒரே டீசல்தானுங்க" என்றார். பலகைகள் ஒவ்வொன்றாகத் தூண்கள்மேல் போய்ப் பூப்போல உட்கார்ந்தன. ஏணி வைத்து மேலே ஏறினேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை வேறு. கரையில் அம்மா குடை பிடித்துக்கொண்டு நின்றாள். பெண் வீட்டாருக்காகக் கேசரியும் பஜ்ஜியும் செய்து, டிபன் கேரியரோடு கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள்.

எங்கள் தலைக்குமேல் வானம் நீலமாகத்தான் இருந்தது. மேற்கே எங்கோ கொட்டிய மழை எங்களிடம் சொல்லிவிட்டா வரும்? பள்ளத்தின் வளைவில் செம்மண் நிறத்தில் நுரை தெரிந்தது.

"தண்ணி வருதுங்கோ! சீக்கிரம் எறங்குங்க!" என்று பழனிச்சாமி கத்தினார்.

"கொஞ்சந்தான் வரும், பதறாதீங்க!" என்றேன். (தண்ணீரைப் பார்க்காமலே அதன் அளவைச் சொல்லும் திறமை அன்று எனக்கு இருந்தது.)

அவர் அதற்குமேல் காத்திருக்கவில்லை. கிரேனைக் கரைக்கு ஏற்றினார். சரிவில் முக்கால்வாசி ஏறியதும் பின்சக்கரம் சேற்றில் புதைந்து நின்றது. ஆட்களும் கரைக்கு ஓடினார்கள். நான் இறங்கலாம் என்று குனிந்தபோது ஏணி என் கண் முன்னாலேயே மிதந்து போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன்னாலும் பாலம் இல்லை, பின்னாலும் பாலம் இல்லை. கீழே இடுப்பளவுத் தண்ணீர், சீறிக்கொண்டு.

அப்போதுதான் அந்த அம்பாசிடர் கார் வளைவில் திரும்பியது. நான் நன்றாகத் தெரிந்தேன்.

சுமதியின் அப்பா இறங்கி வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "ஏனுங்க, மாப்பிள்ளை எதுக்குங்க அங்க தனியா நிக்கறாரு?"

அம்மா சட்டென்று சொன்னாள்: "வேலைன்னு வந்துட்டா அவன் அப்படித்தானுங்க. எறங்கவே மாட்டான்."

அவர் பாராட்டும் விதமாகத் தலையை ஆட்டினார். பழனிச்சாமிக்குத்தான் பொறுக்கவில்லை. "எறங்க முடியாதுங்க, ஏணி போயிருச்சு" என்று போட்டு உடைத்தார்.

அதற்குள் டீக்கடையே கரையில் கூடிவிட்டது. அம்மா வேறு வழியில்லாமல் பஜ்ஜியை எடுத்து நீட்டினாள். எல்லோரும் தின்றுகொண்டே என்னைப் பார்த்தார்கள். அப்போது சுமதி தண்ணீர் ஓரம்வரை வந்து, வகுப்பறைக் குரலில் கூப்பிட்டாள்.

"ஏனுங்க! அந்தப் பாலம் உங்களத் தாங்குமுங்களா?"

"லாரியே போகும்ங்க!"

"லாரி எப்படிங்க அங்க ஏறும்?"

கரையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "நீச்சல் தெரியுங்களா?"

"தெரியாதுங்க!"

"சமைக்க?"

"டீ போடுவேனுங்க!"

"கல்யாணத்துக்கப்பறமும் நான் வேலைக்குப் போவேன். மேல படிக்கவும் போறேன். சம்மதமுங்களா?"

"சம்மதமுங்க!"

"கண்ணு, யோசிச்சுச் சொல்லு!" என்று அம்மா அலறினாள். தண்ணீர் இன்னொரு ஜாண் ஏறியிருந்தது. அந்த நிலைமையில் யானை வளர்க்கக் கேட்டிருந்தாலும் சம்மதித்திருப்பேன்.

ஒருவழியாகத் தோப்புக்காரர் சொல்லியனுப்பி ஒரு டிராக்டர் வந்து கிரேனை இழுத்து மேலே விட்டது. பழனிச்சாமி கிரேனின் நீண்ட கையில் கான்கிரீட் அள்ளும் பக்கெட்டை மாட்டி என்னிடம் அனுப்பினார். அதற்குள் குந்தி உட்கார்ந்து, ஆகாயத்தில் ஒரு அரைவட்டம் அடித்து, வருங்கால மாமனார் காலடியில் வந்து இறங்கினேன். சட்டை சிமென்ட் நிறத்துக்கு மாறியிருந்தது. கும்பிடலாம் என்று எழுந்தால் பக்கெட் சாய்ந்து, விழுந்தே கும்பிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை தண்ணீர் மோதியும் தூண்களும் பலகைகளும் அசையவில்லை. "பாலம் நிக்குதுங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். சுமதியும் பின்னாலேயே ஏறிக்கொண்டாள். கேசரியும் தீர்ந்திருந்தது.

வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு என்றுதான் நினைத்தேன். மேலதிகாரி கூப்பிட்டு வறுத்தெடுத்தார். வேலையை விட்டு அனுப்பவில்லை. தண்ணீர் வடிந்ததும் மீதிக் கண்களை, இந்த முறை ஒழுங்காகக் கரையிலிருந்து, அடுக்கி முடித்தோம். சொன்ன தேதிக்குள் பஸ் ஆட்களோடு பாலத்தைக் கடந்தது. அதே வாரம் பெண் வீட்டில் சம்மதம் என்று தகவல் வந்தது.

மாமனார் ஊரில் இன்றைக்கும் எனக்குப் பெயர் "நடுக்கண்ணு மாப்பிள்ளை". என் டிகிரி அங்கே யாருக்கும் தெரியாது. அப்படி நின்றவனை எப்படி அம்மணி பிடித்தது என்று விசேஷ வீடுகளில் யாராவது கேட்டால், சுமதி இலையிலிருந்து தலை தூக்காமல் சொல்லுவாள்:

"மத்த மாப்பிள்ளைங்க எல்லாம் ரெண்டு பஜ்ஜியத் தின்னுபோட்டு, 'ஊட்டுக்குப் போயித் தகவல் சொல்றோம்'னு எந்திரிச்சுப் போயிருவாங்க. இவரால எங்கயும் போக முடியலீங்க. கேக்க வேண்டியது அத்தனையும் கேட்டுப்போட்டேன்."