துரைக்கு உப்பு கூடிப்போச்சு

ஊசி பச்சைக் கோட்டைத் தாண்டி மேலே போய் நின்றது. ஸ்டோர் கீப்பர் உப்பு அளக்கும் அந்தப் பிளாஸ்டிக் டப்பாவை நாலு தட்டு தட்டினார். கம்பெனி கிடங்கில் எடை மெஷின் தகராறு செய்தால் அவர் பார்க்கும் முதல் வைத்தியம் அதுதான். ஊசி இன்னும் கொஞ்சம் மேலே போனது.

தொட்டிக்குள்ளிருந்து துரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

துரை என்பது மீன். மஞ்சள் நிறம், உள்ளங்கை அகலம், யாரோ எழுந்து வணக்கம் சொல்லாததுபோல எப்போதும் நீட்டியே வைத்திருக்கும் வாய். மேனேஜர் வீட்டு ஹாலில், கட்டில் அளவுக் கண்ணாடித் தொட்டியில், தனி விளக்கு, தனி மோட்டார், பக்கத்துணைக்கு ஒரு ஊதா நிறப் பவளம் என்று சகல வசதிகளோடும் குடியிருந்தது. கடல் மீன் ஆகையால் தண்ணீரும் கடல் மாதிரியே உப்பாக இருக்க வேண்டும். மேனேஜருக்கு அது பிள்ளை மாதிரி. பெற்ற பிள்ளையைப் பற்றி அவர் ஆபீஸில் இவ்வளவு பேசியதில்லை.

அந்தப் பெற்ற பிள்ளையைப் பார்க்கத்தான் மேனேஜரும் அவர் மனைவியும் இப்போது மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். வரும்வரை துரைக்குக் காவல் நம் ஸ்டோர் கீப்பர்.

சும்மா ஒன்றும் அவர் தலையாட்டிவிடவில்லை. கம்பெனியில் உதவி மேனேஜர் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் யார் உட்காருவது என்று மேனேஜர் ஊரிலிருந்து வந்ததும் சொல்லப்போகிறார். போட்டியில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இவர். இன்னொருவர், எதற்கெடுத்தாலும் திரையில் படம் போட்டுக் காட்டி எல்லோரையும் தூங்கவைக்கும் சேல்ஸ்காரர். அவரை விட்டுவிட்டு இவரைக் கூப்பிட்டு, "வீட்ல பேசி முடிவு பண்ணினோம். நீங்கதான் துரையைப் பாத்துக்கணும்" என்றார் மேனேஜர். வீட்டுச் சாவியை நீட்டினார். பாதி கொடுத்தவர் ஒருமுறை திரும்ப இழுத்துக்கொண்டார். கண்கூடக் கலங்கியிருந்தது. நம் மேல் இவ்வளவு பாசமா என்று ஸ்டோர் கீப்பர் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான். உப்பு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஊசி பச்சையில நிக்கணும். தண்ணி குறைஞ்சா ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜர் கிளம்பிப் போனார். எந்தத் தண்ணீர் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கேட்டால் விவரம் போதாது என்று நினைத்துவிட மாட்டாரா? உதவி மேனேஜர் ஆகப்போகிறவர் கேள்வி கேட்கலாமா?

சமையலறையில் இரண்டு டிரம் இருந்தன. ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் உப்புக் கரைத்த தண்ணீர். கடல் மீனுக்கு எது என்று குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். முதல் நாள் தொட்டியில் நீர்மட்டம் விரல்கடை இறங்கியிருந்தது. உப்புத் தண்ணீரை ஊற்றினார். மறுநாளும் இறங்கியது. மறுநாளும் அதையே ஊற்றினார். இப்படியே கடமை தவறாமல் ஊற்றி ஊற்றி, அந்த வார முடிவில் ஊசியை உச்சிக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, மீட்டர் கெட்டுவிட்டது என்று மனைவியிடம் அறிவித்தார். அவர் மனைவி ஒரு நர்ஸ். வீட்டிலும் நோயாளியிடம் பேசுவதுபோலத்தான் பேசுவாள், ஆனால் அந்தக் கனிவு இருக்காது.

"ஆவியாப் போறது வெறும் தண்ணி. உப்பு எங்கங்க போகும்? வேலைக்கா போகும்? அது பாட்டுக்கு உள்ளயே கிடக்கு. நீங்க மேல மேல உப்பைக் கொட்டியிருக்கீங்க."

"மேனேஜர் சொன்னதைத்தான் செஞ்சேன்."

"அவர் தண்ணி ஊத்தச் சொன்னாரு. கருவாடு போடச் சொல்லலை."

கொஞ்சம் கொஞ்சமாக, நல்ல தண்ணீராக ஊற்றிச் சரிசெய்யுங்கள், ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். ஸ்டோர் கீப்பர் தலையாட்டினார். கிடங்கில் அவருக்கு ஒரு பெயர் உண்டு: நாளைக்கு என்ற வார்த்தையே பிடிக்காதவர். மறுநாள் காலை மேனேஜர் வீட்டுக்குப் போனதும் தொட்டியில் பாதித் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு கொட்டிவிட்டு நல்ல தண்ணீரை நிரப்பினார். பத்து நாள் வேலையை அரை மணியில் முடித்த பூரிப்போடு ஊசியைப் பார்த்தார். அது பச்சையைக் கடந்து அடிமட்டத்தில் போய்ப் படுத்துக்கொண்டிருந்தது. பாறை இடுக்கில் துரையும் அதே மாதிரி படுத்துக்கொண்டிருந்தது.

சரியாக அந்த நேரம் மேனேஜர் போன் செய்தார்.

"துரை எப்படி இருக்கான்?"

"ரெஸ்ட் எடுக்கிறாரு சார்."

போனை வைத்த வேகத்தில் அலமாரியிலிருந்த கடலுப்பு மூட்டையைப் பிரித்துத் தொட்டியிலேயே கவிழ்த்தார். கரைத்து ஊற்ற வேண்டும் என்று மூட்டையின் மேலேயே எழுதியிருந்தது. அதையெல்லாம் படித்துக்கொண்டிருக்க அவர் என்ன சேல்ஸ்காரரா? உப்பு அடியில் வெள்ளை வெளேரென்று குவிந்தது. ஊசி அசையவில்லை. சரி, போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் கொட்டினார். பவளம் தன் பூவையெல்லாம் சுருட்டிக்கொண்டு கடையை மூடியது. மாலைக்குள் உப்பு மொத்தமும் கரைந்து, ஊசி மறுபடி உச்சிக்கு ஏறிவிட்டது.

இதற்கெல்லாம் மூல காரணம் தண்ணீர் ஆவியாவதுதானே, ஆவியே ஆகாமல் செய்துவிட்டால்? இந்த யோசனை உதித்தபோது தன்னை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. ஜன்னலைச் சாத்தினார். மின்விசிறியை நிறுத்தினார். கிடங்கிலிருந்து தார்ப்பாய் கொண்டுவந்து தொட்டியை வாயோடு சேர்த்துக் கட்டினார். மறுநாள் திறந்தபோது முகத்தில் வெந்நீர் ஆவி அடித்தது. விளக்குச் சூட்டில் துரை ஏறக்குறைய வெந்துகொண்டிருந்தது.

உடனே ஓடிப்போய் ஒரு பை ஐஸ் வாங்கிவந்து கொட்டினார். சூடு இறங்கியது. ஐஸ் என்பதும் உப்பில்லாத தண்ணீர்தான் என்பது அது உருகிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. தொட்டி வழிந்து, உப்பெல்லாம் கம்பளத்தில் இறங்கி, மீதியில் ஊசி மீண்டும் கீழே போனது. மேனேஜர் போன் செய்தார். துரை புத்துணர்ச்சியாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, ஸ்டோர் கீப்பர் நனைந்த கம்பளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலி போனால் போகிறது, பதினைந்து வருட உத்தியோகத்துக்குப் பிறகு ஒருத்தர் நம்மை நம்பிச் சாவியைக் கொடுத்திருக்கிறாரே என்று நினைத்தபோது நிஜமாகவே அழுகை வந்தது.

மனைவிக்குப் போன் போட்டார். அவள் டியூட்டி உடுப்போடு நேராக அங்கே வந்து, தொட்டியைப் பார்த்தாள், கம்பளத்தைப் பார்த்தாள், கடைசியாக அவரைப் பார்த்தாள்.

"இன்னும் எதையாவது சரிபண்ண மிச்சம் வச்சிருக்கீங்களா?"

அவர் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பிழிந்தார். முகத்தைப் பார்த்து அவளுக்கும் பாவமாக இருந்தது போல. அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் பையிலிருந்து புது டிரிப் குழாய் ஒன்றை எடுத்தாள். மேனேஜரின் கோட்டு மாட்டும் கம்பத்தை இழுத்துவந்து தொட்டிக்கு மேலே நிறுத்தி, அதில் அளவாகக் கரைத்த உப்புத் தண்ணீர்ப் பாட்டிலைத் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக இறங்கும்படி திருகினாள். நல்ல தண்ணீருக்கு எப்போது மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தாள். அதுவரை அவர் தொட்டியைத் தொடக் கூடாது, தொட்டால் அவருக்கும் பக்கத்தில் ஒரு பாட்டில் மாட்டப்படும் என்றாள்.

ஸ்டோர் கீப்பர் லீவு போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, எதையும் சரிசெய்யாமல் ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தார். அது அவருக்குப் பிரசவ வேதனை. கை அரிக்கும்போதெல்லாம் அந்தக் கையின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். பாட்டில் தீர்ந்தால் மாற்றினார். ஊசி மெள்ள மெள்ள ஏறிப் பச்சைக்குள் நுழைந்தது, அங்கேயே நின்றது. மறுநாளும் நின்றது. பவளம் ஒவ்வொரு இதழாகத் திறந்தது. மேனேஜர் வரும் நாளன்று காலை துரை பாறை இடுக்கிலிருந்து வெளியே வந்து, கண்ணாடியருகே நின்று, பழையபடி வாயை நீட்டி அவரை அலட்சியமாகப் பார்த்தது. அந்தப் பார்வைக்காக அவர் கும்பிடாத சாமியில்லை.

அன்று சாயங்காலம் கார் வந்து நின்றது. மேனேஜர் பெட்டியைக்கூட இறக்காமல் ஹாலுக்குள் ஓடிவந்தார். தொட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். டப்பாவில் தண்ணீர் எடுத்து ஊசியைப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தார். பிறகு ஸ்டோர் கீப்பரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நாளைக்குக் காலையில் என் ரூமுக்கு வாருங்கள் என்று மட்டும் ஒருவழியாகச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டிகளை இறக்கப் போனார்.

நாற்காலி கிடைத்த மாதிரிதான். ஸ்டோர் கீப்பர் சோபாவில் சாய்ந்து, அதற்கு என்ன நிறத்தில் மெத்தை போடலாம் என்று யோசித்தார்.

மேனேஜரின் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். தொட்டியை ஒரு முறை பார்த்தார். உப்புப் பூத்துப்போயிருந்த சுவரையும், சதா உறுமும் மோட்டாரையும், தொட்டிக்காக மூலையில் ஒதுங்கிக் கிடந்த சாப்பாட்டு மேஜையையும் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"மேடம், மீன் நல்லா இருக்கு இல்ல?" என்றார் இவர், பாராட்டை எதிர்பார்த்து.

அந்த அம்மாள் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"உங்க கையில எதைக் கொடுத்தாலும் ஒரே வாரத்துல குட்டிச்சுவராக்கிடுவீங்கன்னு இவர் தினமும் சாப்பிடும்போது சொல்லுவாரு, அந்த ஒரே நம்பிக்கையிலதாங்க, வேற யாரும் வேண்டாம், நீங்கதான் வேணும்னு இவர்கிட்ட சண்டை போட்டு உங்களை வரவழைச்சேன், இப்படிக் கைவிட்டுட்டீங்களே."