சமாதானத்தின் சால்வைகளும் அவற்றைத் தின்ற புழுக்களும்

வலங்கைமானிலிருந்து நன்னிலம் வரைக்கும் எத்தனை தோள்கள் இருந்தாலும், சால்வை போர்த்துவதற்கென்றே பிரம்மன் அளவெடுத்துச் செய்த தோள்கள் இரண்டுதான். இரண்டும் எங்கள் எதிர்வீட்டுக்காரரிடம் இருந்தன. என் தோள்கள் சட்டை மாட்ட மட்டும் பயன்பட்டன.

அவர் உரக்கடைக்காரர். ஊர் வைத்த பெயர் சமாதானம். ஆட்சி மாறி, நிலச் சட்டம் மாறி, அறுப்புக்கு அறுப்பு கூலித் தகராறு வெடித்த காலம் அது. மிராசுதார் ஒரு பக்கம், விவசாயத் தொழிலாளர் சங்கம் ஒரு பக்கம், நடுவில் இவர். சட்டமும் தெரியாது, கணக்கும் தெரியாது. வீட்டில் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருவார். யார் என்ன சொன்னாலும் "அதுவும் சரிதாங்க" என்பார். மத்தியானம் தாண்டி, இரு தரப்புக்கும் பசியில் கண் இருட்டும்போது கையெழுத்தாகிவிடும்.

உடனே பாராட்டுக் கூட்டம். மிராசுதார் பட்டுச் சால்வை போர்த்துவார், சங்கத்தார் சிவப்பு நூல் துண்டு போர்த்துவார்கள். வாழ்த்துமடல் எழுதி வாசிப்பது பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியாரான நான். 'அமைதியின் இமயமே' என்று தொண்டை கிழியக் கத்துவேன். கைதட்டல் அவருக்கு, சோடா எனக்கு. ஒரே ஒரு சால்வை, என் மனைவி பார்க்க என் தோளில் விழ வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு லட்சியமே இல்லை. அவரோ வாங்கியதையெல்லாம் கூடத்தில் கொடி கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஜன்னலைத் திறந்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

"எதிர்வீட்டுல பாருங்க, கொடி தாங்கலையாம், இன்னொண்ணு கட்டுறாங்க" என்பாள் மனைவி. வேண்டுமென்றே சொன்னாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒருநாள் சமாதானம் தெருவைத் தாண்டி ஓடிவந்தார். "வாத்தியாரே, கொஞ்சம் வந்து பாருங்க!"

மனைவியும் நானும் போனோம். பட்டுச் சால்வைகள் முழுக்க ஓட்டை. மடிப்பை உதறினால், பாதி நெல்மணி அளவில், உடம்பெல்லாம் மயிரோடு பழுப்புப் புழுக்கள் விழுந்தன. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. முகத்தை மட்டும் துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி வைத்துக்கொண்டேன்.

"வெயில்ல போட்டு உதறுங்கண்ணே, வசம்பு வைங்க" என்றாள் மனைவி. "மொதல்ல பரண்ல இருக்குற குருவிக் கூட்டக் கலைங்க. அங்கேருந்துதான் எறங்குது."

அவர் பதறிப்போனார். "குடியிருக்குறவங்கள வெளியேத்தக் கூடாதுன்னு சட்டமே இருக்கேம்மா!"

குருவியையும் கலைக்கவில்லை, புழுவையும் விரட்டவில்லை. பழைய கம்பளி மப்ளர் ஒன்றை மூலையில் விரித்து, "இது ஒங்க பங்கு, கொடிப் பக்கம் வரக் கூடாது" என்று ஒப்பந்தம் பேசினார். மப்ளரில் வயிறாரத் தின்ற புழுக்கள் குலம் பெருக்கி, குடும்பத்தோடு கொடிக்கு ஏறின. அவர் பேசி முடித்து முறிந்த ஒரே ஒப்பந்தம் அதுதான்.

அந்த ஐப்பசியில் பெரிய தகராறு வந்தது. குறுவை முற்றிச் சாய்ந்து கிடக்கிறது, வானம் கறுத்து நிற்கிறது, கூலி முடிவாகாமல் வயலில் அரிவாள் இறங்கவில்லை. தூறல் போட்டதால் பேச்சுவார்த்தையை அவர் வீட்டுக் கூடத்திலேயே வைத்தார்கள். உள்ளே வந்த மிராசுதார் நிமிர்ந்து கொடியைப் பார்த்தார். அவர் போர்த்திய பட்டெல்லாம் சல்லடை. சங்கத்தின் துண்டுகளில் ஒரு பொத்தல் கிடையாது.

"ஓஹோ! நாங்க போத்துனத புழுவுக்குப் போட்டுட்டு, அவங்க துண்ட மட்டும் பத்திரமா வச்சிருக்கீங்க. நடுநிலைமை ரொம்ப நல்லாருக்குங்க!" என்று வாசலை நோக்கி நடந்தார்.

சமாதானம் கொடியைப் பார்த்தார், மிராசுதாரின் முதுகைப் பார்த்தார். 'அதுவும் சரிதாங்க'கூட வாயில் வரவில்லை. இனி மழையில் நெல் முளைக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். சங்கத் தலைவர் காளியப்பன் எழுந்தார்.

"அட, நில்லுங்க! கோவப்பட வேண்டியது நாங்க. இத்தன வருஷமா நாங்க போத்துன துண்ட ஒரு புழுவாச்சும் மதிச்சு வாய வச்சுதா? பட்டுன்னாதான் எறங்கி வருது. அதுக்கும் மிராசு புத்தி!"

மிராசுதார் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வெளியே மழையும் வலுத்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார். மீதி வேலையைப் பசி பார்த்துக்கொண்டது. மறுநாள் வெயில் அடிக்க, அறுப்பு தொடங்கியது.

பாராட்டுக் கூட்டத்தில் மிராசுதார் புதுப் பட்டுச் சால்வையைப் பிரித்தார். சமாதானம் பின்வாங்கினார். "எனக்கு வேணாங்க, புழுவுக்குத்தான் போவும். வாத்தியாருக்குப் போத்துங்க. என்னப் பத்தி இவ்வளவு பொய் எழுதி, அதச் சிரிக்காம வேற வாசிக்கிறாரு."

என் தோளில் பட்டு விழுந்தது. முன்வரிசையில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் கைதட்டல்? "விட்டுக்கொடுத்தாரு பாரு, என்ன மனசு!" என்று அதுவும் அவருக்கே போனது.

அந்தச் சால்வையை வசம்பு வைத்து, வெயிலில் உதறி, ஒரு புழு அண்டாமல் காத்தேன். பல வருஷம் கழித்து ஒரு காலையில் சமாதானம் கண்ணை மூடினார். கூடத்தில் மாலைகளும் சிவப்புத் துண்டுகளும் குவிந்திருந்தன. போர்த்த ஒரு பட்டுகூட இல்லாமல் அந்தத் தோள்கள் கிடந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் என்னுடையதை எடுத்துவந்து போர்த்தினேன்.

எனக்கென்று இருந்தது ஒரே சால்வை. கடைசியில் அதையும் அவரே போட்டுக்கொண்டு போய்விட்டார்.