மூன்று பூச்சு நீல மெழுகு

அன்பும் மரியாதையும் நிறைந்த போர்கில்ட் அக்காவுக்கு,

தம்பி ஒட்வார் எழுதுவது. இங்கே நான், என் பெண்டாட்டி குன்வோர், என் இடது முழங்கால் மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் அவருடைய படகும் அப்படியே இருக்க வேண்டும்.

உன்னிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். என் மகள் டிரில் பதினான்கு வயதில் பனிச்சறுக்கு இரட்டைக் கட்டைகளைக் கழற்றி வைத்துவிட்டு ஒற்றைப் பலகையில் ஏறியபோது, "குறுக்கால நின்னுக்கிட்டு இறங்குறதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று நான் குதித்தது உனக்கு நினைவிருக்கும். அவள் ஜப்பான் போனாள், அமெரிக்கா போனாள், தோள் எலும்பை இருமுறை உடைத்துக்கொண்டாள், கோப்பைகள் கொண்டுவந்தாள். ஊர்ச் சங்கத்துக்கு முப்பது வருடம் கட்டைகளுக்கு மெழுகு பூசிய நான் ஒன்பது வருடம் அந்தப் பலகையைத் தொடவில்லை. போன சனிக்கிழமை தேசிய அணியில் மிச்சமிருந்த ஒரே இடத்துக்குப் போட்டி. வெள்ளிக்கிழமை மாலை நிலவறைக்கு உருளைக்கிழங்கு எடுக்கப் போனேன். பலகை சுவரில் சாய்ந்து என்னைப் பார்த்தது. மனசு இளகிப்போச்சு அக்கா. வெளியே மைனஸ் நாலு, புதுப் பனி. கை தானாக நீல மெழுகு டப்பாவை எடுத்தது. மூன்று பூச்சு, தக்கையால் தேய்த்துத் தேய்த்து, தலைமுதல் வால்வரை. நீல மெழுகு ஏற்றத்தில் பின்னால் வழுக்காமல் பனியைப் பிடித்துக்கொள்வதற்கு. இந்தப் பலகையோ ஏறவே ஏறாது, இறங்க மட்டும்தான். அது கைக்குத் தெரியவில்லை.

மறுநாள் போட்டிச் சரிவின் அடியில் பெற்றோர் நடத்தும் வாஃபிள் கடையில் எங்கள் முறை. மற்றவர்களெல்லாம் வெண்ணெயாக வழுக்கி வந்தார்கள். என் மகள் கடைக்குப் பால் வாங்கப் போகிறவள் மாதிரி வந்தாள். முதல் மேட்டைத் தாண்ட வேகமில்லாமல் அதன் உச்சியிலேயே உட்கார்ந்துவிட்டாள். குன்வோர் கரண்டியோடு திரும்பினாள்.

"ஒட்வார், என்ன பண்ணித் தொலைச்சே?"

"நானா? ஜாம் தடவுறேன்."

"விரலெல்லாம் ஏன் நீலமா இருக்கு?"

"புளூபெர்ரி ஜாம்!"

"இன்னிக்கு ஸ்ட்ராபெர்ரிதான் கொண்டாந்தோம்."

அந்த அரை மணி நேரம் நான் செத்துப் பிழைத்தேன். ஆனால் இரண்டாவது ஓட்டத்தில் டிரில் பறந்தாள் அக்கா, பறந்தே போனாள்! முதலிடம், அணியில் இடம். "வெயில் ஏறிடுச்சு, பனி இளகிடுச்சு, அதான்" என்றார் பயிற்சியாளர் ஜோஸ்டைன். சூரியன் என் மானத்தைக் காப்பாற்றியது. டிரிலுக்கு இது தெரியவே கூடாது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் ஊர்ப்பக்கம் பயிற்சிக்கு வருகிறாள், அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் படிக்கிற பிள்ளை இல்லை.

அத்தானுக்கு என் அன்பு. அவர் வலை எப்போதும் கனமாகவே வரட்டும்.

உன் தம்பி,
ஒட்வார்

பி.கு.: அத்தை, நான் டிரில். பிரித்துப் படிக்கவில்லை, அப்பா உறையை ஒட்டவே இல்லை. அன்னிக்கு மேலே பலகையைக் கையில எடுத்ததுமே நீல டப்பா வாசனை. "பத்து நிமிஷம் இருக்கு, சுரண்டிடலாம்"னு ஜோஸ்டைன் சொன்னார். கீழே பார்த்தேன். அப்பா வேலியோரம் வந்து நின்னு ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டிருந்தார். ஒன்பது வருஷத்துல முதல் தடவை. ரெண்டு ஓட்டத்துல நல்லதை மட்டும்தான் எடுத்துக்குவாங்க. அதனால முதலாவதை அவர் மெழுகுலயே ஓடினேன், அப்புறம்தான் சுரண்டினேன். அவருக்கு இது தெரியவே கூடாது. நீங்களும் அடுப்பில் போட்டுடுங்க.