மாமாவின் பெயரை நீக்கும் விஷயமாக

மதிப்புக்குரிய மாமாவுக்கு, மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகளும் நலம். அங்கே உங்கள் மூட்டுவலியும் என் மேலுள்ள கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், ஆகவே கடிதம்.

நீங்கள் ஓய்வு பெறுமுன் முந்நூறு பேருக்காகக் கம்ப்யூட்டரில் உருவாக்கி, என் தலையில் கட்டிவிட்டுப் போன ஆபீஸ் டைரக்டரியில், அதாவது ஊழியர் பதிவேட்டில், இன்று பதினோராயிரம் பெயர்கள். யார் எந்தக் கதவைத் திறக்கலாம், எந்த பிரிண்டரில் அச்சடிக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் அது ஓடும் ஒரே சர்வர் கம்ப்யூட்டரைத்தான் கேட்கவேண்டும். காலை ஒன்பது மணிக்கு அத்தனை பேரும் ஒன்றாக வந்து "நான் யார்?" என்று கேட்டால் அது பாவம், என்ன செய்யும்? அதிலும் நம் ஆபீசில் யாரையும் நீக்கும் வழக்கமே இல்லை. ஓய்வு பெற்றவர், ஓடிப்போனவர், சேர்ந்த அன்றே மத்தியானச் சாப்பாட்டோடு காணாமல் போனவர் எல்லோரும் அதில் சிரஞ்சீவிகள். போதாக்குறைக்கு நீங்கள் குழுவுக்குள் குழு வைத்தீர்கள்: கணக்குப் பிரிவு மாடிக் குழுவில், மாடிக் குழு கேன்டீன் குழுவில், கேன்டீன் குழு மறுபடி கணக்குப் பிரிவில். சர்வர் செக்குமாடு மாதிரி சுத்திச் சுத்தி வருது மாமா! நேற்று தன் அறைக் கதவு திறக்காமல் வெளியே நின்ற மேனேஜர், "திங்கட்கிழமையும் இப்படின்னா வேலையை வெளி கம்பெனிக்குக் கொடுத்துடுவேன், நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டார். உங்கள் மகளோ, "அப்பா பேரை எடுத்தா வீட்டுக்கும் வரவேண்டாம்" என்கிறாள். நான் எங்கேதான் போவது?

ஆனாலும் பின்வாங்கப் போவதில்லை. இன்று சனிக்கிழமை, ஆபீஸ் காலி. நாலாயிரம் பழைய பெயர்களை நீக்கப்போகிறேன். பாரபட்சம் என்று யாரும் வாய் திறக்கக் கூடாதல்லவா, அதனால் முதல் பெயர் உங்களுடையது. "ஒரு ஓரமா என் பேர் இருந்தா என்ன குறைஞ்சிடும் மாப்பிள்ளை?" என்று கேட்டீர்கள். மனசு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் எல்லோரும் ஓரமாக இருந்து இருந்துதான் நடுவில் இடமே இல்லாமல் போயிற்று. மன்னியுங்கள், என் முடிவை யாராலும் மாற்ற முடியாது.

அத்தையை விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
உறுதி குலையாத மாப்பிள்ளை

பி.கு.: நீக்கிவிட்டேன். டைரக்டரி முழுவதும் உங்கள் பெயரில்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மறுநொடியே எல்லாம் நின்றுவிட்டது. சர்வர் அறைக் கதவும் டைரக்டரியைக் கேட்டுத்தான் திறக்கும். நான் உள்ளே இருக்கிறேன். அவசரத்துக்கென்று அன்று நீங்கள் வைத்த பாஸ்வேர்டைக் கதவுக்கு வெளியே நின்று உரக்கச் சொன்னால் போதும், உங்கள் பெயரை முதல் வரியிலேயே போட்டுவிடுகிறேன். உங்களிடம் சேர்க்கச் சொல்லி, கதவிடுக்கு வழியாக இந்தக் கடிதத்தைக் காவலாளியிடம் கொடுக்கிறேன். ஆபீஸ் வாசல் சாவி அவரிடம் இருக்கிறது, உங்களை உள்ளே விடுவார். உங்களை அவருக்கு நன்றாகத் தெரியுமாம். என்னைத்தான் யாரென்று கேட்கிறார்.