பச்சையைக் கூப்பிட்டால் நீலம் வருகிறது

அன்புள்ள மச்சானுக்கு,

மாமா எழுதுவது. இங்கே கம்ப்யூட்டர் நீங்கலாக எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு ஆபீசே பொறுப்பு.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். "விட்டுடும்மா, பொழச்சுப் போறேன்" என்று வாய்விட்டும் சொன்னேன். அளவு கொடுக்க வந்து நின்ற டீச்சர், தன்னைத்தான் சொல்கிறேன் என்று அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு அறுபது சட்டை தைப்பது நம் கடைதான் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளின் அளவை இன்று ஐந்து மணிக்குள் அவர்களுடைய இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் எதிர்க்கடைக்குப் போய்விடும். அந்தப் பக்கம் நீ போட்டுக் கொடுத்த பச்சைப் பிரவுசரில்தான் ஒழுங்காகத் தெரிகிறது. ஆனால் மெயிலில் வந்த லிங்கை அமுக்கினால், கம்ப்யூட்டரோடு கூடவே பிறந்த நீலப் பிரவுசர் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது, அதில் கட்டமெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது, சரி, எப்போதும் பச்சையே திறக்கட்டும் என்று மாற்ற செட்டிங்ஸுக்குள் போனேன், ஒரே இடத்தில் மாற்றிவிடலாம் என்று பார்த்தால், மெயிலுக்குத் தனி, படத்துக்குத் தனி, என்னவென்றே தெரியாத மூன்றெழுத்து நாலெழுத்துக்கெல்லாம் தனித்தனி. ஒரு பொத்தான் அறுந்த சட்டையோடு வருகிறவரிடம், காலரிலிருந்து அத்தனையையும் பிரித்துத் தைத்தால்தான் ஆச்சு என்று நான் சொன்னால் சும்மா விடுவாரா?

பல்லைக் கடித்துக்கொண்டு பதினொன்றை மாற்றினேன். பன்னிரண்டாவதில், "போகும் முன் தயவுசெய்து நீலத்தை ஒருமுறை முயன்று பாருங்களேன்" என்று கேட்டது. நம் தொழில் புத்திதான் உனக்குத் தெரியுமே. ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சரி என்று அமுக்கினேன். பதினொன்றும் நீலத்துக்கே திரும்பிவிட்டது. இப்படி மூன்று தடவை.

உன் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, அது கெஞ்சுனா மட்டும் மனசு இளகுதோ? நான் சினிமாவுக்குக் கூப்பிட்டா காதே கேக்காது."

"அது தயவுசெய்துன்னு கேக்குதுடி."

"நானும் அதெல்லாம் போட்டுக் கேட்டாச்சு. நகருங்க அந்தப் பக்கம்."

நாலாவது தடவைக்கு, அந்தக் கேள்வி வரும் இடத்தில் காலருக்கு வைக்கும் கேன்வாஸ் துண்டை ஒட்டி மறைத்தேன். கேள்வி வேறு மூலையில் வந்தது.

இப்போது மணி மூன்று. உன் அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், நான் கட்டிங் மேசையில் இதை எழுதுகிறேன். போன் போட்டால் மீட்டிங் என்று வெட்டுகிறாய். அதனால் உன் ஆபீஸ் வழியாகப் போகும் பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கண்டதும் கிளம்பி வா. நீயும் உன் வீட்டாரும் எந்த அப்டேட்டும் வராமல் அமோகமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: வர வேண்டாம். இதை மடிப்பதற்குள் உன் அக்கா நீலத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கிவிட்டாள். கட்டமெல்லாம் வரிசையாக வந்து நின்றன. போன மாதம் பள்ளிக் காவலாளிக்கு ஏற்றிய அளவை நீலம் ஞாபகம் வைத்திருந்து, எல்லாக் கட்டத்தையும் அதுவே நிரப்பிக் கொடுத்ததாம். அனுப்பியாயிற்று. நன்றி, இனி மாற்ற இயலாது என்று பள்ளியிலிருந்து பதிலும் வந்துவிட்டது. அறுபது பிள்ளைகளுக்கும் மார்பளவு நாற்பத்திநாலு.