அதாவது அண்ணையும் முந்திரிகைத் தோட்டமும்

சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்க்க உலகத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். சொல்லாததையும் சேர்த்து மொழிபெயர்க்க ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் எட்டாம் மாடியில் குடியிருந்தார்.

அவருடைய உண்மையான பெயர் கீழே கடிதப் பெட்டியில் ஒட்டியிருந்தது. அதை வாசித்த ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் அவர் ‘அதாவது அண்ணை’. வெள்ளைக்காரர் யாராவது வாயைத் திறந்து மூடியதும் இவர் தொண்டையைச் செருமி, “அதாவது…” என்று தொடங்குவார். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு.

ஐந்தாம் மாடி சிவபாதம் அங்கிளைப் பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனது இவர்தான். பல்லைப் பிடுங்கிய வைத்தியர், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்றும் சாப்பிட வேண்டாம் என்றார்.

“அதாவது, ரெண்டு மணித்தியாலம் ஒண்டும் சாப்பிடக்கூடாதாம். மனிசியோட உரத்துக் கதைக்கவும் கூடாதாம்.”

“எவ்வளவு காலத்துக்கு?” என்று பஞ்சு வைத்த வாயோடு அங்கிள் கேட்டார்.

“காலம் ஒண்டும் சொல்லேல்லை. எதுக்கும் சாகுமட்டும் கடைப்பிடிச்சா நல்லம்.”

அடுத்த கிழமை சிவபாதம் அங்கிளின் மனைவி ஒரு பெட்டி தொதல் இனிப்போடு எட்டாம் மாடிக்குப் போய் வந்தார். விசயம் எனக்குத் தெரியவந்தபோது, “அண்ணை, அந்தப் பல் வைத்தியர் உண்மையா அப்பிடிச் சொன்னவரோ?” என்று கேட்டேன்.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பார், தம்பி” என்றார்.

இப்படிப்பட்டவர் ஒருமுறை சுற்றுலா ஒழுங்கு செய்தார். எங்கள் கட்டடத்து வயோதிபர்கள் நயாகரா நீர்வீழ்ச்சியைப் பார்த்துக் களைத்துப் போயிருந்த காலம். லண்டனிலிருந்து மருமகன் வந்தால் நயாகரா. பாரிசிலிருந்து மச்சாள் வந்தால் நயாகரா. மூன்றாம் மாடி பிலோமினா அன்ரி, “தண்ணிதானே, அது தன்ர பாட்டில விழட்டும். நான் இனி வரேல்லை” என்று அறிக்கையே விட்டுவிட்டார்.

உடனே அதாவது அண்ணை உடுப்புத் தோய்க்கிற அறைச் சுவரில் கையெழுத்து விளம்பரம் ஒன்றை ஒட்டினார். ‘மலைப்பக்கத்து முந்திரிகைத் தோட்டங்களும் சுற்றுப்புறக் காட்சிகளும். மதியச் சாப்பாடு அவரவர் கொண்டு வரவும்.’

யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் திராட்சை. ஆகவே விளம்பரத்தில் பொய் எதுவும் இல்லை. அந்தத் தோட்டங்களில் பழத்தை வைனாக்கி, வருகிறவர்களுக்குக் கிளாசில் ஊற்றிக் கொடுப்பார்கள் என்ற சின்ன விபரத்தை மட்டும் அவர் விட்டுவிட்டார். ஏனென்றால் பிலோமினா அன்ரி செபக்கூட்டத்தின் தலைவி. குடிக்கு எதிராக வருடம் முழுவதும் போர் நடத்துகிறவர். அவர் வராவிட்டால் மற்றவர்களும் வரமாட்டார்கள்.

ஒரு செப்ரெம்பர் சனிக்கிழமை காலை. பன்னிரண்டு சீற்று வானை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஓட்டுநர் நான். அண்ணையோடு சேர்த்துப் பதினொரு பேரும் நேரத்துக்கு வந்து நின்றார்கள். பத்துப் பேரின் கையில் பிளாஸ்ரிக் வாளி.

“அண்ணை, வாளி எதுக்கு?”

“முந்திரிகைத் தோட்டமெல்லே தம்பி. சனம் பழம் ஆயத்தான் வருது. நான் ஏன் குறுக்க நிப்பான்?”

முதல் தோட்டம் ஒரு சரிவில் இருந்தது. கண்ணாடிச் சுவர் வைத்த மண்டபம், வெளியே லாவெண்டர்ச் செடி. கறுப்பு ஏப்ரன் கட்டிய ஓர் இளம்பெண் எங்களை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு விரற்கடை சிவப்பு வைன் ஊற்றினாள்.

பிலோமினா அன்ரி கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “உது என்ன சாமான்?”

நான் வானின் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஓடவேண்டி வரலாம்.

“அதாவது அக்கா, பூசையில சுவாமியார் கிண்ணத்தில வைக்கிற சாமான்.”

அன்ரியின் முகம் மாறிவிட்டது. பயபக்தியோடு சிலுவை அடையாளம் போட்டுக் குடித்தார். அந்தப் பெண் அடுத்ததை ஊற்றினாள். மறுபடி சிலுவை. ஐந்து வகை, ஐந்து சிலுவை. ஐந்தாவது சிலுவை நெற்றியில் ஒழுங்காகத்தான் தொடங்கியது. ஆனால் வலது தோளைத் தவறவிட்டுப் பக்கத்தில் நின்ற சிவபாதம் அங்கிளின் தோளில் போய் முடிந்தது.

இதற்கிடையில் அந்தப் பெண் வைனை முகர்ந்து, இதில் தோல், புகையிலை, மழையில் நனைந்த கல் ஆகியவற்றின் சாயல் இருப்பதாக விளக்கினாள்.

“அதாவது, உதுக்குள்ள செருப்புத் தோல், புகையிலை, நனைஞ்ச கல்லு எல்லாம் கிடக்காம்.”

சிவபாதம் அங்கிள் கிளாசுக்குள் எட்டிப் பார்த்தார். “ஏன், வடிகட்டேல்லையோ?”

அவர் என்ன கேட்கிறார் என்று பெண் விசாரித்தாள். வடிகட்டும் முறையைப் பற்றி அறிய ஆவலாக இருக்கிறார் என்று அண்ணை ஆங்கிலத்தில் சொன்னார். பெண்ணுக்குச் சந்தோசம். இருபது நிமிடம் கைகளை ஆட்டி ஆட்டி விளக்கினாள். எல்லோரும் அண்ணையைப் பார்த்தார்கள்.

“அதாவது, வடிகட்டேல்லையாம்.”

அடுத்ததாக மலை விளிம்பில் ஒரு காட்சி மேடைக்குப் போனோம். வானம் துப்புரவாக இருந்தது. கீழே ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் மங்கலாகக் கட்டடங்கள்.

“அதாவது, அந்தா தெரியுறது அமெரிக்கா” என்று அண்ணை அறிவித்தார். இம்முறை மொழிபெயர்க்க எதிரில் ஆளே இல்லை. பழக்கதோசம்.

“அமெரிக்காவில ஏன் ரொறன்ரோக் கோபுரம் நிக்குது?” என்று சிவபாதம் அங்கிள் கேட்டார்.

“அதாவது… அவங்களும் ஒண்டு கட்டிப்போட்டாங்கள்.”

பதினொரு பேரும் அந்த அமெரிக்காவின் முன்னால் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள்.

மூன்றாவது இடத்தில்தான் வினை வந்தது. அது கண்ணாடி மண்டபம் எதுவும் இல்லாத சின்னக் குடும்பத் தோட்டம். வானை நிறுத்திவிட்டு நான் கழிப்பறைக்குப் போய் வந்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். வந்து பார்த்தால் வானில் ஒருவரும் இல்லை. வாளிகளும் இல்லை. கொடி வரிசைகளுக்கு நடுவில் சேலைகளும் தொப்பிகளும் தெரிந்தன. பறவைகளுக்குப் பயந்து மூடியிருந்த வலையை அன்று காலைதான் சுருட்டி எடுத்திருந்தார்கள். கறுத்த குலைகள் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கின. என் பயணிகள் கூட்டம் பழம் ஆய்ந்துகொண்டிருந்தது.

மறுகோடியிலிருந்து ஒரு ட்ராக்டர் வந்தது. அதிலிருந்து எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு வெள்ளைக்காரர் குதித்து இறங்கினார். முகம் பழத்தின் நிறத்தில் இருந்தது. என் தோட்டத்தை விட்டு வெளியே போங்கள், இப்போதே பொலிசைக் கூப்பிடுகிறேன் என்று கத்தினார்.

“உவர் என்னவாம்?” பிலோமினா அன்ரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அதாவது, வெயிலெல்லே, எல்லாரையும் தொப்பி போடட்டாம்.”

“நல்ல பழத்தை கொடியில வாட விட்டிட்டு எங்களுக்குத் தொப்பியைப் பற்றிக் கதைக்கிறாரோ? விசரன்!”

அண்ணை கிழவரிடம் திரும்பி, இந்த அம்மா உங்கள் பழத்தின் தரத்தை மெச்சுகிறார் என்றார்.

தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று கிழவருக்கு விளங்கிவிட்டது. தொலைபேசியை எடுத்தார். பதினொரு வயோதிபர்கள், பத்து வாளி களவுப் பழம், ஓட்டிவந்தவன் நான். ஆனால் அவர் எண்ணை அழுத்தவில்லை. தொலைபேசியை மறுபடி பையில் வைத்துவிட்டு ட்ராக்டரின் சில்லில் சாய்ந்து நின்றார். கத்தியவர் இப்போது முணுமுணுக்கத் தொடங்கினார். நாளைக்கு மழை தொடங்குகிறது, மூன்று நாள் விடாது என்கிறார்கள். பழம் வெடித்து அழுகிவிடும். வருவதாகச் சொன்ன வேலையாட்கள் வரவில்லை. மனைவியின் கை முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. இதற்குள் நீங்கள் வேறு.

அதாவது அண்ணை எங்களிடம் திரும்பினார். தொண்டையைச் செருமவில்லை.

“மழை வருதாம். ஆயிறதுக்கு ஆளில்லையாம். இவ்வளவும் அழியப்போகுதாம்.”

அவர் வாயிலிருந்து சொன்னது சொன்னபடி வந்ததை நான் கேட்டது அன்றைக்குத்தான். பழம் ஆய்ந்த கைகள் நின்றன. பிலோமினா அன்ரி தன் வாளியைக் குனிந்து பார்த்தார்.

அதைக் கண்டதும் அண்ணைக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. கிழவரிடம் போய், இவர்கள் அறுவடையில் நீண்ட அனுபவம் உள்ள குழு, வாளிகளைப் பார்த்தாலே தெரியவில்லையா என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “வாளியோட பத்துப்பேரை அனுப்பு எண்டு இவர் காலமைதான் கர்த்தரிட்டக் கேட்டவராம்” என்றார்.

பிலோமினா அன்ரிக்கு அது போதும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

நான்கு மணித்தியாலம். எப்படிக் காம்பை வெட்டுவது என்று காட்ட வந்த கிழவரின் கத்திரியை அன்ரி பறித்துக்கொண்டு, அவரைப் பெட்டி தூக்க அனுப்பினார். “உப்பிடி ஆடி ஆடி நடந்தா பொழுதுபட்டிடும், கெதியா வாரும்!” அண்ணை அதை, ‘உங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளச் சொல்கிறார்’ என்று மாற்றினார். கிழவர் ஒவ்வொரு முறையும் தொப்பியைத் தொட்டு நன்றி சொன்னார். சிவபாதம் அங்கிள் ஒரு குலை பெட்டிக்கு, ஒரு குலை வாய்க்கு என்று நேர்மையாகப் பங்கிட்டார். கையில் கட்டோடு வந்த அந்த வீட்டம்மா எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தார். சரிவில் பழுத்திருந்த வரிசைகள் எல்லாம் வெறுமையாயின.

கடைசிப் பெட்டி ஏறியதும் கிழவர் எங்கள் முன்னால் வந்து நின்றார். மெல்லப் பேசத் தொடங்கினார். இந்தக் கொடிகளைத் தான் மகனோடு சேர்ந்து நட்டதாகச் சொன்னார். மகன் இப்போது இல்லை என்றார். அவன் போன பிறகு இந்த வரிசைகளில் இத்தனை குரல் கேட்டது இன்றைக்குத்தான் என்றார்.

எல்லாத் தலைகளும் அண்ணை பக்கம் திரும்பின. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன சொல்லுறார்? சொல்லுமன்” என்றார் அன்ரி.

“அக்கா, அவற்ற முகத்தைப் பாருங்கோ.”

அன்ரி பார்த்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிட்டப் போனார். கிழவரின் கன்னத்தைத் தொட்டு, “சாப்பிட்டியோ, ராசா?” என்று கேட்டார்.

கிழவர் அண்ணையைப் பார்க்காமலே இல்லை என்று தலையாட்டினார்.

தோட்டத்து மேசையில் நாங்கள் கட்டிக்கொண்டு வந்த இடியப்பமும் சம்பலும் கத்தரிக்காய்க் குழம்பும் விரிந்தன. கிழவர் தன் வைன் போத்தல்களைத் திறந்தார். பிலோமினா அன்ரி, இன்றைக்குப் பூசை ஒன்றுதான், அது ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று கிளாசைக் கவிழ்த்து வைத்தார். அது வைன்தான் என்று அன்ரிக்கு முதலிலிருந்தே தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்திப்பொழுதில் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தோம். பத்துப் பேரும் கிழவர் கொடுத்த பழம் நிறைந்த வாளிகளோடு இறங்கி மேலே போனார்கள். முன்சீற்றில் அதாவது அண்ணை வாயைத் திறந்தபடி நித்திரையாகிக் கிடந்தார். வானைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் நெருங்கியிருந்தது. இரண்டு முறை அவர் தோள்வரை கையைக் கொண்டுபோனேன். பிறகு ஹீற்றரைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, அவர் தானாக எழும்பும்வரை பக்கத்தில் இருந்தேன்.