ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் வேண்டாம்

ஆல்டர்டன், அயோவா
நவம்பர் 12, புதன்கிழமை

'ஆல்டர்டன் வாரச்செய்தி' ஆசிரியர், மதிப்பிற்குரிய திருமதி லின்ட்குவிஸ்ட் அம்மையார் அவர்களுக்கு, மூன்றாம் தெருவில் குழாய் வேலை செய்யும் வெர்லின் கோப்கி மரியாதையோடு எழுதும் கடிதம்.

நானும் என் மனைவி ஜானீனும் சுகம். அவளுடைய முழங்கால் வழக்கம்போல மழைக்கு முந்தின நாளே தகவல் சொல்லிவிடுகிறது. தாங்களும் தங்கள் பூனையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் அலுவலகக் கழிவறைக் குழாய் சொட்டாமல் இருக்கும் என்றும், போன மார்ச்சில் நான் அன்பளிப்பாகக் கொண்டுவந்து வாசலறையில் நிறுத்திய கோட்டு மாட்டும் கம்பம் ஆடாமல் நிற்கிறது என்றும் நினைக்கிறேன். நான் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை முடித்தவன், அதிலும் பாதி நாள் பட்டறையில்தான் இருந்தேன், அதனால் இதில் பிழை இருந்தால் தாங்களே திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும்.

அம்மா, செப்டம்பரிலிருந்து தாங்கள் வாராவாரம் போட்டுவரும் 'நம் ஏர்க்குதிரைகளின் மண்டை குழம்பும் தோல்விகள் பத்து' பகுதியை நான் ஒரு வரி விடாமல் படிக்கிறேன். நம் கல்லூரி அணி தோற்ற கதையைப் படிப்பதில் இந்த ஊருக்கு இருக்கும் சந்தோஷம், ஜெயித்த கதையில் இருந்ததே இல்லை. அதற்குக் காரணம் ஜெயித்த கதை குறைவு என்பதுதான். பத்தாம் இடத்தில் போட்டீர்களே, மூடுபனி ஆட்டம், அதில் நம் பையன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டி, ஸ்டேடியம் வாசலையும் தாண்டி, கார் நிறுத்துமிடத்தில் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினானே, அங்கே அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். "ஜெயிச்சிட்டோமா தம்பி?" என்று கேட்டு அவன் கையில் ஒரு சாசேஜ் கொடுத்ததும் நான்தான். ஆறாம் இடத்தில் வந்த சலவைக்காரர் கதையில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம். நம் வெள்ளைச் சட்டைகளோடு சேர்த்து அவர் துவைத்தது சிவப்புத் துணியை அல்ல, தன் மாமியாரின் ஊதா ஜமுக்காளத்தை. அதனால்தான் நம் சட்டையும் எதிரணிச் சட்டையும் ஒரே நிறமாகி, நம் பையன் ஐந்து முறை பந்தை எதிரிக்கே எறிந்தான். எதிரணிக்காரன் ஐந்தாவது முறை நன்றி சொன்னானாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிறு தாங்கள் முதலிடத் தோல்வியைப் போடப்போகிறீர்கள். அது எது என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும். அதோடு வழக்கமாகப் போடும் அந்தப் படத்தையும் போடுவீர்கள். அம்மா, கைகூப்பிக் கேட்கிறேன், அந்தப் படம் மட்டும் வேண்டாம்.

ஏன் என்றால் அதில் இருப்பது நான்.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இருபத்தைந்து வருஷமாக இதை என் மனைவியைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குக் கிழிந்த என் கால்சட்டையைத் தைத்துக் கொடுத்தவள் அவள் என்பதால் அவளிடம் மறைக்க முடியவில்லை. மற்ற எல்லாரிடமும், என் சொந்த மகளிடமும்கூட, அன்றைக்குப் பல்வலி, ஸ்டேடியத்துக்கே போகவில்லை என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். பிரெண்டிஸ் கல்லூரியை நாம் அதுவரை பத்தொன்பது வருஷமாக ஜெயித்ததில்லை. அன்றைக்கு நாம் பதினாறு, அவர்கள் பதினான்கு. பந்து அவர்களிடம். கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் மூன்று புள்ளி, ஆனால் கம்பம் வெகு தூரத்தில், எதிர்க்காற்று வேறு, யானை உதைத்தாலும் போகாது. கடிகாரம் பூஜ்யத்தைக் காட்டியது. ஊரே மைதானத்துக்குள் இறங்கியது. இந்த ஊரில் ஜெயித்தால் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தோளில் சுமந்து ஆறு வரைக்கும் ஊர்வலம் போவது வழக்கம் என்று பெரியவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டிருந்தோமே தவிர, எங்கள் வயதுக்காரர்கள் யாரும் பார்த்ததில்லை. நான் குழாய்க்காரன், ஏறத் தெரியும். அதைவிட முக்கியம், அந்தக் கம்பத்தின் அடி இணைப்பை அந்த வருஷக் கோடையில் பற்றவைத்தவனே நான்தான், எவ்வளவு மோசமாகப் பற்றவைத்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். குறுக்குச்சட்டத்தில் ஏறி மூன்று முறை குதித்தேன். கால்சட்டை பின்பக்கம் கிழிந்து சிவப்புக் கம்பளி உள்ளாடை வெளியே வந்த அந்த நொடியில்தான் உங்கள் போட்டோக்காரர் அழுத்தினார். முகம் தெரியாது, மற்றதெல்லாம் தெரியும். கம்பம் சாய்ந்தது. தோளில் ஏற்றிவிட்டோம்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் நடுவர் குரல். ஆட்டம் முடியவில்லையாம். ஒரு விநாடி பாக்கியாம். நம் கூட்டம் உள்ளே வந்ததற்குத் தண்டனையாகப் பந்தைப் பதினைந்து கஜம் முன்னால் வைக்கிறார்களாம். இந்தப் பக்கம் கம்பம் இல்லாததால் திசையை மாற்றி அந்தப் பக்கக் கம்பத்தை நோக்கி உதைக்கலாமாம். தூரமும் குறைந்தது, காற்றும் அவர்கள் முதுகுக்கு வந்தது. நாங்கள் நாற்பது பேர் ஓடிப்போய்க் கம்பத்தைப் பழைய இடத்திலேயே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "சார், இதோ இருக்கு சார்! இங்கயே உதைக்கச் சொல்லுங்க சார்!" என்று கெஞ்சினோம். "தள்ளிப் போங்கய்யா, ஆட்டம் நடக்கணும்" என்றார் நடுவர். பந்து பறவை மாதிரிப் போனது. பதினேழு, பதினாறு. உலகத்திலேயே ஜெயித்த சந்தோஷத்தால் தோற்ற கூட்டம் நாங்கள்தான் என்று நினைக்கிறேன்.

இதுவரைக்கும் சிரிக்கலாம் அம்மா. ஆனால் அடுத்த வாரம் நம் அணியின் கோச் ராஸ்முசனை வேலையிலிருந்து நீக்கினார்கள். வீட்டைக் காலிசெய்யும்போது தண்ணீர்க் குழாய்களை அடைத்துக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. அனுப்பப்பட்டவன் யார் என்று நினைக்கிறீர்கள்? கீழறையில் முட்டிபோட்டு நான் வால்வைத் திருகிக்கொண்டிருந்தபோது அவரே காபி கொண்டுவந்தார். கண் சிவந்திருந்தது. "நீங்க பைப் வேலைக்காரர்தானே, சொல்லுங்க. அவ்ளோ பெரிய கம்பம் எப்படிங்க ஒரு ஆளு குதிச்சதும் விழும்?" என்று கேட்டார். நான், "துருவா இருக்கும் கோச்" என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன், காபிதான் உள்ளே போனது. மாடியில் இரண்டு வயசுப் பையன் ஒருவன் பெட்டிக்குள் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தான்.

அந்தப் பையன் போன பிப்ரவரியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தான். பெயர் கோல்பி. என் மகள் பிரென்னா அழைத்து வந்தாள், கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்களாம். தங்கமான பையன், உருளைக்கிழங்கை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"எங்க அப்பா பேரைக் கேட்டா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் சார்" என்று சொல்லிவிட்டுப் பெயரைச் சொன்னான். எனக்குப் புரையேறியது.

"அப்பாவுக்கு இன்னும் அந்தப் பல்வலி ஆட்டத்தை நெனச்சா தாங்காது" என்றாள் பிரென்னா, என் முதுகில் தட்டிக்கொண்டே.

"எங்கப்பா அந்தப் படத்த வெட்டிப் பர்ஸ்லயே வெச்சிருக்கார் சார். இந்த ஆளை ஒரு தடவையாவது நேர்ல பாத்துடணும்னு சொல்லிக்கிட்டே இருப்பார்."

ஜானீன் என்னைப் பார்த்தாள். நான் உப்பைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. நினைவுக்காக வைத்திருந்த ஐந்தடிக் கம்பத் துண்டு ஒன்று கொட்டகையில் இருந்தது, அதைக்கூட யாரும் கண்டுபிடிக்க முடியாத இடத்துக்கு அனுப்பிவிட்டேன். எங்கே என்று கேட்காதீர்கள். இந்த ஞாயிறு மதியம் கோச் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறார், கல்யாண நிச்சயம் பேசப்போகிறோம். அவர் என் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது தங்கள் பத்திரிகை மேசைமேல் கிடந்தால், ஒரு கண் படத்தில், ஒரு கண் என்மேல் என்று ஆகிவிடும். நான் எழுந்துபோய்க் குழம்பு கொண்டுவரும்போது என் பின்பக்கத்தை அடையாளம் கண்டுகொண்டால் என் மகள் கல்யாணம் என்ன ஆகும்? ஒரு குடும்பத்தை ஒருமுறை ஊரைவிட்டு அனுப்பினேன். இரண்டாம் முறை என் வாசலிலிருந்து அனுப்ப எனக்குத் தெம்பு இல்லை. படத்துக்குப் பதிலாகத் தங்கள் பூனையின் படத்தைப் போட்டாலும் ஊர் ரசிக்கும்.

தங்கள் பேனா வற்றாமல் இருக்கட்டும், தங்கள் கொதிகலன் வரும் குளிர்காலம் முழுக்க எரியட்டும், சந்தாக்காரர்கள் பெருகட்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

என்றும் தங்கள் விசுவாசமுள்ள,
வெர்லின் கோப்கி

பின்குறிப்பு, வியாழன் மாலை: அம்மா, மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். தபால்தலை இல்லாததால் கடிதம் நேற்றுப் போகவில்லை, அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

இன்று சாயங்காலம் கோச் தன் வண்டியில் ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய மடக்கு நாற்காலிகளைக் கொண்டுவந்து இறக்கினார். ஏணி கடன் வாங்க வந்த என் மச்சான் டென்னி, அதாவது ஜானீனின் தம்பி, சமையலறையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். கோச் என்னைப் பார்த்ததும், "அட, எங்க வீட்டுத் தண்ணிய நிறுத்தினவரு!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். உட்கார்ந்தார். பர்ஸை எடுத்தார். படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"இவனைத்தான் இருபத்தஞ்சு வருஷமா தேடிக்கிட்டிருக்கேன் சம்பந்தி."

"எதுக்கு கோச்?" என்றேன். காற்று அடைத்த குழாய் மாதிரி வந்தது குரல்.

"கட்டிப்பிடிச்சு நன்றி சொல்லத்தான்! அந்த வருஷம் டாக்டர் சொல்லிட்டாரு, இன்னும் ஒரு சீசன் இந்த வேலையில இருந்தா ஆளு காலின்னு. நானா விட்டிருப்பேனா? சாகுற வரைக்கும் விட்டிருக்க மாட்டேன். இந்த மகராசன் ஏறினான், என்னை எறக்கி விட்டாங்க. அன்னைக்கு அழுதேன், பொய் சொல்லல. அப்புறம் மாமனார் ஊர்ல வான்கோழி வளக்கப் போனேன். வான்கோழிங்க சொன்ன பேச்சு கேக்குது, தோத்தாலும் பேப்பர்ல வராது. வருஷா வருஷம் நவம்பர்ல இருக்கறதுலயே பெரிய கோழி ஒண்ணை இவனுக்குன்னு ஒதுக்கி வைப்பேன். ஆள் வரவே மாட்டான், நாங்களே தின்னுடுவோம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இருபத்தைந்து வருஷமாக நெஞ்சில் கிடந்த கல்லை இறக்கி வைக்க வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் ரொட்டி நிறைந்த இன்னொரு வாய் திறந்தது.

"கோச், சொல்லிக்க வேணாம்னுதான் இருந்தேன்" என்றான் டென்னி, தலையைக் குனிந்துகொண்டு. "அது நான்தான்."

கோச் எழுந்து அவனைக் கட்டிப்பிடித்தார். ரொட்டித் தூள் அவர் தோள் முழுக்க.

"டேய்! நீ அப்ப சாசேஜ் வரிசையில நின்னுக்கிட்டிருந்தடா!" என்று கத்திவிட்டேன்.

"அது இடைவேளையில மச்சான். உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத்தான் அன்னைக்குப் பல்வலியாச்சே."

"கோச், நான்தாங்க ஏறினேன்! சத்தியமா நான்தான்! உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு..."

கோச் என் தொப்பையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி தொப்பையைப் பார்த்தார். "சம்பந்தி, பிரென்னா சொன்னா, எங்கப்பா எப்பவும் தமாஷ் பண்ணுவார்னு" என்று விழுந்து விழுந்து சிரித்தார். "அப்பா, போதும்ப்பா. மாமாவுக்குக் கெடைக்கறதயும் பிடுங்காதீங்க" என்றாள், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த என் மகள். ஜானீன் சாட்சி சொல்வாள் என்று திரும்பினால், அவள் சிரிப்பு தாங்காமல் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். எல்லாரும் போன பிறகு, "இத்தனை வருஷம் நான் வாயைத் தெறக்கல, நீ தெறந்தப்ப ஒருத்தரும் நம்பல. நிம்மதியா தூங்கு வெர்லின்" என்றாள்.

நிம்மதியாம்! ஞாயிற்றுக்கிழமை டென்னி கோச் பக்கத்தில் உட்காரப்போகிறான். எனக்கென்று கோச் ஒதுக்கி வைத்த வான்கோழியை மேசையில் அவன் வெட்டப்போகிறான். கோழி போனால் போகட்டும் அம்மா, நான் கேட்க வேண்டிய மன்னிப்புக்கு அவன் நன்றி வாங்கிக்கொண்டு போகிறான், அதுதான் பொறுக்கவில்லை.

ஆகையால் படத்தைப் போடுங்கள். முதல் பக்கத்தில், எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாக, கீழே என் முழுப்பெயரோடு. அத்தாட்சி வேண்டுமென்றால் தாங்கள் வெளியே போக வேண்டியதில்லை. வாசலறையில் கோட்டு மாட்டும் கம்பம் இருக்கிறது அல்லவா, அதன் வெள்ளைப் பெயின்டை நகத்தால் சுரண்டுங்கள், அடியில் அந்தக் கோல் கம்பத்தின் மஞ்சள் தெரியும். மஞ்சள் பெயின்ட் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்பான் டென்னி. அதனால் அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே உடைந்த பற்றவைப்பு ஒன்று இருக்கிறது. இவ்வளவு மோசமாகப் பற்றவைக்க இந்த மாவட்டத்திலேயே வேறு ஆள் கிடையாது.

ஞாயிறு ஒரு மணிக்கு அந்தக் கம்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், தங்களுக்கும் ஒரு தட்டு வைத்திருப்போம். அன்று ஒருநாள் மட்டும் கோட்டை நாற்காலியில் போட்டுக்கொள்ளுங்கள்.